உள்பக்கத் தேய்மானம்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை, திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் செல்லும் கடலோரச் சாலையில், ஓடிக்கொண்டிருந்த காரின் முன் இருக்கையில் கமால் இறந்தார். வயது அறுபத்து மூன்று. காரை ஓட்டியவள் அவர் மகள் லுப்னா. சாலையில் எந்த இடத்தில் இறந்தார் என்பது அவளுக்குத் தெரியாது.

பத்தரை மணிக்கு அதே கார் அவர்கள் வீட்டுத் தெருமுனையை அடைத்துக்கொண்டு நின்றது. தெருக்காரர்கள் பின்னால் நின்று தள்ளினார்கள். கார் ஒரு தடவை முன்னால் குனிந்தது. கையை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துகொண்டது.

"இன்னா நைனா இது, தரையோட வெல்டு வெச்ச மாதிரி கீது."

"ஹேண்ட் பிரேக்க எறக்குனியா அப்சலு?"

"எறக்கிட்டேன்பா. கேபிள் உள்ள மாட்டிகினு கீது போல."

லுப்னாவின் அண்ணன் அப்சல், கதவைத் திறந்து ஹேண்ட் பிரேக்கை மறுபடி தூக்கி இறக்கிக் காட்டினான். மணலி புதுநகரில் மனைவியோடு தனியாக இருப்பவன். செய்தி கேட்டு பைக்கில் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். லுப்னா அத்தாவின் உடலோடு ஆம்புலன்ஸில் ஏறிக்கொள்ள, பைக்கை அங்கேயே விட்டுவிட்டுக் காரை எடுத்து வந்தது அவன்தான். தெருமுனையில் திருப்பும்போது நின்ற கார் பிறகு அசையவில்லை.

மய்யித்தைக் கிடத்தித் தூக்கிப் போகும் சந்தூக் பெட்டி, கார் வந்து அடைப்பதற்கு முன்பே பள்ளிவாசலிலிருந்து வந்து வீட்டு வாசலில் இறங்கியிருந்தது. நண்பகல் லுஹர் தொழுகைக்கு அது இந்த முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். தெருவின் மறுமுனை ஒரு பழைய கம்பெனிச் சுவரில் முட்டி முடிகிறது. முனையில் காருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். தோளில் சந்தூக்கோடு போக முடியாது.

"தாஸ் மாமாவ கூப்டுண்ணா," என்றாள் லுப்னா. துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டபடி சுவரோரம் நின்றிருந்தாள்.

"கூப்ட்டாச்சு. நீ உள்ள போ. ஆம்பளைங்க நிக்கற எடத்துல உனக்கு இன்னா வேலை?"

அவள் போகவில்லை. அப்சலும் இரண்டாம் முறை சொல்லவில்லை.

வீட்டுக்குள் அவளால் இருக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்து நின்று, அத்தாவை முன்னறையில் கிடத்தி, முகத்துணியை விலக்கிய உடனே அம்மா ஜெரினா கேட்டது ஒரே கேள்வி.

"கலிமா சொன்னாராடி?"

அறை முழுக்கப் பெண்கள் இருந்தார்கள். கமாலின் தங்கை ஹஃப்சா, எதிர்வீட்டு மங்கை, மீன் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடி வந்த அவளுடைய நாத்தனார். எல்லோரும் லுப்னாவைப் பார்த்தார்கள். அவளுடைய தலை அசைந்தது. அழுகையில் அசைந்ததா, பதிலாக அசைந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. ஹஃப்சா இரண்டு கைகளையும் உயர்த்தி, "அல்ஹம்துலில்லாஹ், எங்கண்ணன் கலிமாவோட போச்சு," என்று உரக்கச் சொல்லிவிட்டாள். அது வாசலுக்குப் போயிற்று. வாசலிலிருந்து தெருவுக்கு. பத்து மணிக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவிப்பு வந்தபோது, கலிமா மொழிந்த நிலையில் கமால் பாய் வஃபாத்தாகிவிட்டார் என்றே இமாம் ஹஜ்ரத் சொன்னார்.

அவர் கலிமா சொல்லவில்லை.

சாகக் கிடப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர், அல்லாஹ் ஒருவனே என்னும் கலிமாவை மெல்லச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் வாயிலிருந்து வரும் கடைசிப் பேச்சு அதுவாக இருக்க வேண்டும். சொன்ன பிறகு வேறு ஏதாவது பேசிவிட்டால், மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். குர்ஆன் ஓதப் போன சின்ன வயதிலேயே லுப்னாவுக்கு இது தெரியும். ஆனால் அப்போது அவள் கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. சாலையின் பாதியை, துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த கன்டெய்னர் லாரிகள் அடைத்திருந்தன. மீதிப் பாதியில் ஒரு டிரெய்லருக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே அவள் கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தாள்.

விடியற்காலை பஜ்ர் தொழுகைக்குப் பிறகுதான் நெஞ்சு வலி என்றார். ஆம்புலன்ஸுக்கு போன் போட அவள் எடுத்தபோது, "அது வர்றதுக்குள்ள நம்ம வண்டில போயி வந்துர்லாம்," என்றவர் அவர்தான். பின்சீட்டில் ஏறப்போன ஜெரினாவையும், "நீ எதுக்கு முட்டி வலியோட? ஒரு ஊசி போட்டுகினு வந்துர்றேன்," என்று இறக்கிவிட்டார். முன்னால், இடப்பக்கம் உட்கார்ந்தார். கப்பல் கம்பெனி ஏஜென்சியில் முப்பது வருடம் டிரைவராக இருந்தவர். ஏஜென்சியை மூடியபோது, தான் ஓட்டிய காரைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டார். வேறு யார் ஓட்டினாலும் அவருடைய வலது கால், இல்லாத ஒரு பிரேக்கைத் தரையில் மிதித்துக்கொண்டே வரும்.

டோல்கேட் தாண்டிய பிறகு அவர் மூக்கைச் சுருக்கினார்.

"லுப்னா, கருகுதுமா."

"கம்பெனி நாத்தம்த்தா. மணலி காத்து."

அந்த வட்டாரத்தில் யாரும் அதைத்தான் சொல்வார்கள். விடியற்காலையில் மேற்கே மணலி ஆலைகளிலிருந்து காற்று வீசினால் அழுகிய முட்டை, தார், எரிந்த ரப்பர் என்று ஒவ்வொரு நாளும் ஒன்று வரும். மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் பழகியிருக்கும்.

"இல்ல. லெஃப்ட் வீலு. கருகுது. நிறுத்து."

"ஆஸ்பத்திரில போயி பாத்துக்கலாம். பேசாம வாங்கத்தா."

அவர் பேசாமல் வந்தார். காசிமேடு தாண்டியபோது, "தோ, வந்துடுச்சித்தா," என்றாள். மீன் லாரி ஒன்று குறுக்கே வந்தபோது, "பாருங்க, எப்டி வரான் பாருங்க," என்றாள். ஆஸ்பத்திரி வாசலில், "எறங்குங்க, மெதுவா," என்றாள். இதில் எதை உயிரோடு இருந்தவரிடம் சொன்னாள், எதைச் செத்தவரிடம் சொன்னாள் என்று இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டர் வெளியே சக்கர நாற்காலியிலேயே பார்த்துவிட்டு, வரும்போதே உயிர் இல்லை என்றார்.

திரும்பி வரும்போது, ஆம்புலன்ஸ் டிரைவர் பிரேக் போட்ட ஒவ்வொரு தடவையும் அவள் வெள்ளைத் துணிக்குள் இருந்த வலது காலைப் பார்த்தாள்.

அப்போது தொடங்கிய யோசனைதான் அவளைத் தெருமுனையில் நிறுத்தியிருந்தது. சக்கரத்தில் ஒன்றும் இல்லையென்றால், வலியில் அத்தாவுக்கு நினைவு தப்பியிருந்தது. என்னவோ உளறியிருக்கிறார். நினைவு தப்பியவனிடம் அல்லாஹ் கணக்குக் கேட்பதில்லை என்று ஹஜ்ரத்தே சொல்லியிருக்கிறார். ஆனால் சக்கரம் கருகியிருந்தால், அவர் தெளிவாக இருந்தார். தெளிவாக இருந்த மனிதரின் கடைசி வாய்ப்பேச்சு ஒரு சக்கரத்தைப் பற்றியது. அதற்குப் பிறகு, பக்கத்தில் இருந்த ஒரே ஆளான அவள் அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டாள்.

சக்கரத்தில் கோளாறில்லாமல் வெறும் ஹேண்ட் பிரேக்காக இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

யேசுதாஸ் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலிருந்து நேராக வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் ஸ்பேனர் பை. தேரடிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் கார் வேலை செய்பவர். கமாலுக்கு எல்லா நாளும் சாயங்கால டீ அங்கேதான். முதலில் உள்ளே போய் முகத்தைப் பார்த்தார். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"யாரு ஓட்னது?"

"போறப்ப நானு, மாமா. வர்றப்ப அண்ணன்."

"நீ எங்கியும் போவாத. ஓட்னவங்களதான் நான் கேக்கணும்." அப்சலின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடா மொறைக்கிற? பொண்ணு நின்னா நட்டு கழலாதா?" என்றார். யாரோ சிரித்து, எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

"ஹேண்ட் பிரேக் ஜாம் மாமா," என்றான் அப்சல்.

"பாத்துட்டு சொல்றேன்."

ஜாக்கியைப் பின்பக்கம் கொடுத்துத் தூக்கினார். பின்சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினார். சுற்றியது. மறுபக்கம் போய் அதையும் தூக்கித் தள்ளினார். அதுவும் சுற்றியது.

"ஹேண்ட் பிரேக் மேல பழிய போடாதீங்கோ. பின்னாடி ரெண்டும் பட்டாட்டம் ஓடுது."

லுப்னா சுவரில் கை வைத்துக்கொண்டாள்.

முன்பக்கம் வலது சக்கரம். லேசாக உரசிக்கொண்டு சுற்றியது. அதன்பிறகு இடது. யேசுதாஸ் இரண்டு கையாலும் டயரைப் பிடித்துத் திருப்பினார். காலை ஊன்றித் திருப்பினார். கார்தான் ஆடியது.

"லெஃப்ட்ல இழுத்துதா?"

"இழுத்துது. ஸ்டியரிங்க ரைட்லயே புடிச்சிகினு வந்தேன். என் கைதான் நடுங்குதுன்னு நெனச்சேன்."

"நீ எட்த்துகினு வர்றப்ப?" என்று அப்சலிடம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து எடுக்கறப்பவே நகரல மாமா. ரேஸ் பண்ணி எட்த்தேன். கிளட்ச் போச்சுன்னு நெனச்சேன்."

"நாத்தம்?"

"வண்டில ஒக்காரும்போதே இருந்துச்சு. கதவ தொறந்த ஒடனே."

யேசுதாஸ் தலையை ஆட்டிக்கொண்டார். சக்கரத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியைக் காட்டினார். ஒரு ஓரம் உருகி, உதடு பிதுங்கியது போல் இருந்தது.

உள்ளேயிருந்து அப்சலைக் கூப்பிட்டார்கள். குளிப்பாட்டும் நேரம். மகன் இருக்க வேண்டும். அவன் பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டபடி வீட்டை நோக்கி நடந்தான். கூட நின்ற ஆண்களில் பாதிப்பேர் அவனோடு போனார்கள். மற்றவர்கள் நிழல் தேடி டீக்கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். லுப்னாவும் யேசுதாஸும் மட்டும் சக்கரத்தின் முன்னால் இருந்தார்கள்.

நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை உருவி எடுத்தார். உள்ளே பிரேக் டிஸ்க், வாணலியின் அடிப்புறம் போல நீலமும் ஊதாவுமாக மின்னியது. அதைக் கவ்விக்கொண்டிருந்த காலிப்பரை அவர் சுத்தியலின் கட்டையால் தட்டிப் பார்த்தார்.

"இதுல ரெண்டு விஷயம் இருக்கும்மா. ஒண்ணு, பிரேக் ஆயில் வர்ற டியூப்பு உள்ள அடைச்சிகினு, போன ஆயில் திரும்பி வராம நிக்கும். அப்டின்னா இந்த நிப்பிள தொறந்தா பிரஷர் எறங்கி வீலு விட்டுரும். விடலன்னா, கோளாறு இரும்புல."

நிப்பிளைத் திறந்தார். கறுத்த ஆயில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. டிஸ்க்கைத் திருப்பினார். அசையவில்லை.

"இரும்புதான்."

கம்பியைக் கொடுத்து நெம்பி, போல்ட்டுகளை உடைப்பது போலக் கழற்றி, காலிப்பரை வெளியே எடுத்துக் கட்டித் தொங்கவிட்டார். டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட் இரண்டையும் தன் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

வெளிப்பக்கத்து பேட், பிஸ்கட் கனத்தில் இருந்தது. ஏறக்குறைய புதிது. உள்பக்கத்து பேடில் எதுவுமே இல்லை. வெறும் இரும்புத் தகடு, அதிலும் உழுத நிலம் போலக் கோடுகள்.

"பாத்தியா? ஒரே வீலு, ஒரே நாள்ல போட்ட ஜோடி. ஒண்ணு சாப்ட்டே இல்ல, இன்னொண்ணு செத்தே போச்சு." அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகு அவர் கொஞ்ச நேரம் பேடைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காலிப்பர் வந்து ரெண்டு பின்னு மேல வழுக்கினு போய் வரணும். அப்பதான் ரெண்டு பக்கமும் சமமா புடிக்கும். பின்னு இறுகிட்டா, பிஸ்டன் இருக்கற உள்பக்கம் மட்டும்தான் வேலை செய்யும். வெளிய பாக்கறவனுக்கு பேடு புதுசா தெரியும். உள்ள காலியாயினு இருக்கும்."

பின்னைப் பிடுங்க முயன்றார். அதை மூடியிருந்த ரப்பர் உறை வீங்கி, மாவு போலக் குழைந்திருந்தது. விரலால் வழித்து மோந்து பார்த்தார். பச்சை கிரீஸ்.

"யோவ் பாய்!" வீட்டுப் பக்கம் திரும்பி, அங்கே யாரோ எழுந்து வரப்போவது போலச் சத்தம் போட்டார். "எத்தினி வாட்டி சொன்னேன்யா, போட்டு கிரீஸ இதுல வெக்காதன்னு!"

லுப்னாவுக்கு அந்த டப்பா தெரியும். காசிமேட்டில் விசைப்படகு வின்ச்சுக்குப் போடும் கிரீஸ். உப்புக் காற்றுக்கு அதைவிட நல்லது இல்லை என்று அந்தக் கரையில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் அதைத்தான் தடவுகிறார்கள். கேட் கீல், தையல் மிஷின், சைக்கிள் செயின். அத்தா ரம்ஜானுக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் தடவுவார். போன வருடம் சக்கரத்தையும் கழற்றிவைத்து என்னவோ செய்துகொண்டிருந்தார்.

"இரும்புக்கு அது நல்லதுதான். ரப்பர ஊத வெச்சிரும். ஊதிச்சுன்னா பின்னு எங்க நகரும்? கடல் போட்ட உப்புல தப்பிச்சு கிரீஸுல மாட்னாரு." யேசுதாஸ் முன்கையால் முகத்தைத் துடைத்தார். "பேட் தீந்து போனதும் பிஸ்டன் அளவு மீறி வெளிய வந்து கோணிகிச்சு. அப்பால உள்ள போவல. புட்ச்சது புட்ச்சதுதான்."

வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் தெருவோரச் சாக்கடையில் இறங்கியது. முதலில் கொஞ்சம், பிறகு நிறைய. அதில் இலந்தை இலைகள் மிதந்து வந்தன. கற்பூர வாசனை வந்தது. யேசுதாஸ் தரையில் பரப்பியிருந்த கோணியைத் தண்ணீர் படாமல் இழுத்துக்கொண்டார்.

"மாமா, இது எப்ப கருகுச்சு?"

"எது?"

"ரொம்ப நாளா கருகினு இருந்திருக்குமா? அந்த வாசனை பழைய வாசனையா இருந்திருக்கலாம்ல? இல்ல, அண்ணன் எட்த்துகினு வரப்ப?"

"தேஞ்சது மாசக்கணக்காமா. கருகுனது இன்னிக்கு. நீலம் பாரு, துருவே ஏறல. இந்தக் காத்துல ஒரு ராத்திரி நின்னா மேல செவப்பு ஏறியிருக்கும். அண்ணன் கதவ தொறக்கறப்பவே நாத்தம்னான். அப்ப, நீ ஓட்டிகினு போறப்பதான்."

அவள் கோணியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதுனாலதான் லேட்டாச்சுன்னு நெனைக்காத. இது புட்ச்சதுல ரெண்டு நிமிஷம் போயிருக்கும். லாரி புட்ச்சதுல போனதுதான் மிச்சமெல்லாம்."

"அதில்ல மாமா."

"பின்ன?"

"அத்தாதான் சொன்னாரு. கருகுதுன்னு."

யேசுதாஸ் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பாய் சொன்னாரா? நெஞ்சு வலியிலயா? மணலி காத்துல இத பிரிச்சு புட்ச்சாரா? அடப்பாவி மனுஷா!" சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் கறுப்பு ஒட்டியது. "முழுசா சொல்லு, இன்னான்னாரு?"

"'லெஃப்ட் வீலு, கருகுது, நிறுத்து'ன்னாரு."

"அப்பால?"

"அப்பால ஒண்ணும் சொல்லல."

யேசுதாஸ் அவளைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருப்பவர், கலிமா பற்றித் தெரிந்தவர். வரும் வழியில் ஒலிபெருக்கியையும் கேட்டிருப்பார். சிரிப்பு மெல்ல இறங்கியது. ஏதோ கேட்க வாய் எடுத்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

"வண்டிய தள்ளிரலாம் இப்ப," என்றார். "காலிப்பர் இல்லாம உருளும்."

டீக்கடையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டார். சக்கரத்தை மட்டும் மாட்டி, ஜாக்கியை இறக்கினார். இந்தத் தடவை ஒரே தள்ளில் கார் உருண்டது. கம்பெனிச் சுவரோரம் கொண்டுபோய்க் கல் வைத்து நிறுத்தினார்கள்.

சந்தூக் புறப்பட்டபோது பெண்கள் வாசல் வரை வந்து நின்றார்கள். ஜெரினா வரவில்லை. தெருக்காரர்கள் தோள் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டார்கள். யேசுதாஸ் பின்னால் நடந்தார். பொது டேப்பில் சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் இடுக்குகளில் கறுப்பு போகவில்லை. முனையில் அப்சல் நின்று திரும்பி, தன் இடத்தை அவருக்குக் காட்டினான். அவர் கைகளை விரித்துக் காட்டித் தயங்கினார்.

"புடி மாமா," என்றான் அப்சல். "அவருக்கு தெரியாத கையா?"

லுப்னா அதுவரைதான் பார்த்தாள். பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை.

சாயங்காலம் உறவுக்காரர்கள் குறைந்தார்கள். ஜெரினா உள்ளறைக்குப் போய்விட்டாள். கணவனை இழந்தவளின் துக்க காலமான இத்தா முடியும் வரை, நான்கு மாதம் பத்து நாள், அவள் வெளியே வர மாட்டாள். ஹஃப்சா அவளுடைய வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து அலமாரியில் வைத்துவிட்டு, அஸர் தொழக் கூடத்துக்குப் போனாள். லுப்னா தட்டில் கஞ்சி கொண்டுவந்தாள். ஜெரினா அதைத் தொடவில்லை.

"கதவ சாத்து."

சாத்தினாள்.

"எல்லாரு முன்னாடியும் நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன். நீயும் தலைய ஆட்டிட்ட." ஜெரினா தஸ்பீஹ் மணிமாலையைக் கட்டிலில் வைத்தாள். "ஊருக்கு அது போதும். எனக்கு இன்னா சொன்னாரு, சொல்லு."

லுப்னா தரையைப் பார்த்தாள். அம்மாவுடன் முப்பத்தைந்து வருடம் வாழ்ந்தவரைப் பற்றி அம்மாவிடம் பொய் சொல்ல முடியாது என்று தோன்றியது. உண்மையைச் சொல்லவும் முடியாது என்று தோன்றியது. கூடத்தில் ஹஃப்சா தொழுகையில் தலையைத் தரையில் வைத்து எழுந்த சத்தம் கேட்டது.

"லெஃப்ட் வீலு கருகுது, நிறுத்துன்னாரும்மா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ஜெரினா சுவரில் சாய்ந்தாள். மணிமாலையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்:

"கருகிச்சா?"

"கருகிச்சும்மா. தாஸ் மாமா கழட்டி காட்னாரு. உள்பக்கம் பேடே இல்ல. இரும்பும் இரும்பும் ஒரசியிருக்கு."

"அவரு கரீக்டா சொல்லியிருக்காரு."

"ஆமா."

"நெனப்போடதான் இருந்திருக்காரு."

லுப்னாவால் அதற்கு ஆமாம் சொல்ல முடியவில்லை. காலையிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்த வாக்கியம் அது. அம்மா அதை அரிசியில் கல் பார்ப்பது போல, எந்த அவசரமும் இல்லாமல், எடுத்து வைத்தாள். அவள் முகத்தில் ஆறுதல் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று லுப்னாவுக்குப் பிடிபடவில்லை.

"நீ அதுக்கு இன்னா சொன்ன?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் அவர் என்ன சொன்னார் என்றுதான் கேட்டார்கள்.

"கம்பெனி நாத்தம், பேசாம வாங்கன்னேன்."

ஜெரினா ஜன்னல் பக்கம் பார்த்தாள். சாயங்காலக் காற்று கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது. மணலி வாசனை எதுவும் இல்லை. ஆனால் லுப்னாவின் துப்பட்டாவில் கருகல் இன்னும் இருந்தது. குனிந்தபோதெல்லாம் வந்தது. அம்மாவுக்கும் அது எட்டியிருக்க வேண்டும். அவளுடைய மூக்கு ஒரு தடவை சுருங்கி விரிந்தது.

"நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்," என்றாள்.

அதை லுப்னாவைப் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு கஞ்சித் தட்டை மடிக்கு இழுத்து, இரண்டு கரண்டி குடித்தாள்.

மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு வீட்டில் ஆட்கள் சேர்ந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து, ஹஜ்ரத் நடுவில் உட்கார்ந்து ஓதினார். வெளியே கம்பெனிச் சுவரோரம் யேசுதாஸ் காரில் வேலை செய்துகொண்டிருந்தார். புது பின், புது ரப்பர், புது டிஸ்க், இரண்டு பக்கத்துக்கும் புது பேட். பின்னில் தடவ, சின்ன டியூபில் வேறு கிரீஸ் கொண்டுவந்திருந்தார். லுப்னா அவருக்கு டீ கொண்டுபோனாள்.

துஆ முடிந்து ஹஜ்ரத் பேசினார். திறந்திருந்த கதவு வழியாக அவர் குரல் தெருவுக்கு வந்தது. எல்லோருக்கும் இப்படி ஒரு முடிவு கிடைப்பதில்லை என்றார். வலியிலும் நாக்கில் கலிமா இருந்தது, அதை அவருடைய மகளே பக்கத்திலிருந்து கேட்டாள் என்றார். உள்ளே எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். உள்ளறையிலிருந்து ஜெரினாவின் குரலும் வந்தது.

யேசுதாஸ் டீயை ஒரே மூச்சில் குடித்து, டம்ளரை அவளிடம் கொடுத்தார். அவளைப் பார்க்கவில்லை. சக்கரத்தைத் தூக்கி மாட்டி, நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். ஜாக்கியை இறக்குவதற்கு முன் கையால் ஒரு தடவை சுற்றிவிட்டார்.

சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. பிறகு வேகம் குறைந்து, தானாக நின்றது.